ரொட்டி மேயரின் ஊர்
(கூட்டுறவு வார விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, கூட்டுறவுத் துணைப்பதிவாளர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த கோயில் அறங்காவலர் ஐயா அவர்களே, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, முப்பது ஆண்டுகளுக்கு மேல் சங்கத்துக் கணக்கு மேசைக்கு அந்தப் பக்கம் நின்று என்னோடு பழகிய பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். துணைப்பதிவாளர் அவர்கள் மாவட்டத் தலைநகரிலிருந்து மழையோடு மழையாக வந்திருக்கிறார். அறங்காவலர் ஐயா காலையிலிருந்து பந்தலிலேயே நிற்கிறார். இருவருக்கும் சபை சார்பில் என் நன்றி.

ஜெர்மனியில் ஒரு சின்ன விவசாய ஊரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் வரலாறு, அங்கே இன்றும் நிற்கும் நினைவுச் சின்னங்கள், அந்த மக்களின் வேளாண்மை என்று மூன்று செய்திகளைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தேன். எங்கே சுற்றினாலும் நான் வந்து சேரும் பழமொழி ஒன்றுதான்: ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

ஊரின் பெயர் வையர்புஷ். ரைன் நதிக்குக் கிழக்கே வெஸ்டர்வால்ட் என்ற மேட்டுநிலத்தில் இருக்கிறது. குளிர் நீண்ட பூமி. கம்பு போன்ற முரட்டுத் தானியமான ரை, ஓட்ஸ், உருளைக்கிழங்கு, கொட்டிலில் ஒன்றிரண்டு மாடுகள். அந்தக் காலத்துக் குடியானவனின் சொத்து அவ்வளவுதான். 1845இல் அந்த ஊருக்கு மேயராக வந்தார் ஃபிரீட்ரிச் வில்ஹெல்ம் ரைஃபைசன். வயது இருபத்தாறு. பக்கத்திலிருக்கும் ஹாம் என்ற ஊரில் 1818இல் பிறந்தவர். பட்டாளத்தில் இருந்தவரைக் கண்நோய் வெளியே அனுப்பியது.

அவர் வந்த மறு ஆண்டே விளைச்சல் பொய்த்தது. உருளைக்கிழங்கு நோய் கண்டு மண்ணுக்குள்ளேயே அழுகியது. தானியமும் கைவிட்டது. 1846இன் கடைசியில் தொடங்கிய அந்தக் குளிர்காலத்தைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். கூரையெல்லாம் பனி. அடுப்பில் நெருப்பு இருக்கிறது, அதன்மேல் வைக்க ஒன்றுமில்லை. அரசாங்கம் மாவு அனுப்பியது. அனுப்பியதோடு ஓர் ஆணையும் வந்தது: ரொக்கம் கொடுப்பவர்களுக்கு மட்டும் கொடு. ரொக்கம் இருந்தால் அவன் ஏன் பட்டினி கிடக்கிறான்? மூட்டை ஊருக்குள் இருக்கிறது, பசியும் ஊருக்குள் இருக்கிறது, நடுவில் ஒரு காகிதம் நிற்கிறது. நம் ஊரிலும் அப்படிப்பட்ட காகிதங்களை நாம் பார்த்திருக்கிறோம், அம்மா.

அந்த இளைஞர் என்ன செய்தார்? ஆணையை மீறினார். மாவைக் கடனாகக் கொடுத்தார். வேலை போனால் போகட்டும் என்ற துணிச்சல் அது. அதோடு நின்றிருந்தால் அவர் ஒரு நல்ல அதிகாரி, அவ்வளவுதான். அவர் ஊரில் வசதி உள்ளவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசினார். அவர்களிடம் பணம் திரட்டினார். ரொட்டிச் சங்கம் ஒன்று பிறந்தது. வெளியூரிலிருந்து தானியம் வாங்கினார்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு ரொட்டிச் சூளை கட்டினார்கள். அதில் சுட்ட ரொட்டி சந்தை விலையில் ஏறக்குறையப் பாதிக்குக் கிடைத்தது. கையில் காசில்லாதவன் கணக்கில் எழுதி வாங்கிப் போனான், அறுவடைக்குப் பிறகு கொடுத்தான். வசந்தம் வந்ததும் விதைக் கிழங்குக்கும் சங்கமே வழி செய்தது. மக்கள் அவரை ரொட்டி மேயர் என்று அழைத்தார்கள். ஊர் கூடியது, தேர் நகர்ந்தது.

1848இல் அவரைப் பக்கத்து ஊரான ஃபிளாமர்ஸ்ஃபெல்டுக்கு மாற்றினார்கள். அங்கே நோய் வேறு. கந்துவட்டி. குடியானவன் வட்டிக்காரனிடம் கடனுக்கு மாடு வாங்குகிறான், பால் கறக்கிறான், தவணை தவறுகிறது, மாடும் போகிறது, நிலமும் போகிறது. 1849இல் வசதியுள்ள அறுபது பேர் தங்கள் சொத்தையே பொறுப்பாக வைத்து ஓர் உதவிச் சங்கம் அமைத்தார்கள். சங்கம் மாடு வாங்கிக் கொடுத்தது, ஐந்து ஆண்டுத் தவணையில் திரும்பப் பெற்றது.

பின்னாளில் அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு. கொடுப்பவர் கொடுத்துக்கொண்டும் வாங்குபவர் வாங்கிக்கொண்டும் இருந்தால் சங்கம் நிலைக்காது. கொடுப்பவருக்கு அலுத்துவிடும். அதனால் ஹெடெஸ்டார்ஃப் என்ற ஊரில் 1864இல் சங்கத்தை மாற்றி அமைத்தார். கடன் வாங்குகிறவனே உறுப்பினர். சங்கத்தின் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. சங்கத்தின் எல்லை ஒருவரை ஒருவர் முகம் பார்த்து அறியும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருகிறேன்.

சின்னங்கள் என்றால் வையர்புஷில் அந்த ரொட்டிச் சூளையின் நினைவிடம், ஃபிளாமர்ஸ்ஃபெல்டில் அவர் குடியிருந்த மரச்சட்ட வீடு, ஹாமில் அருங்காட்சியகம். விளைபொருள் ரைன் கரைச் சந்தைக்குப் போக அவர் முயன்று போடவைத்த சாலை இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. எனக்கு மாளிகைகளைவிட அந்தச் சூளைதான் பெரிது.

அந்தச் சூளையின் அனல் நம் மண்ணுக்கும் வந்தது. சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் கடன் சங்கங்களை ஆராயச் சொன்னது. 1895இலும் 1897இலும் வந்த அவருடைய நீண்ட அறிக்கையின் சாரம்: “ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்.” 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கடன் சங்கம் தொடங்கியது. நம் சங்கத்தின் பாட்டன் அது. அதற்கும் பாட்டன் வையர்புஷ்.

இப்போது, எல்லை சின்னதாக இருக்க வேண்டும் என்ற அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். நம் சங்கத்தைப் பதினான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள சங்கத்தோடு இணைத்துவிடலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. செலவு குறையும் என்கிறார்கள். குறையலாம். ஆனால் உரமூட்டைக்கும் பயிர்க்கடனுக்கும் இரண்டு பஸ் மாறிப் போகும் கிழவியின் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது? அவள் கையெழுத்துக்கு ஜாமீன் சொல்ல அங்கே அவளைத் தெரிந்தவர் யார்? துணைப்பதிவாளர் அவர்கள் கனிவானவர், இதைக் காதில் வாங்கிக்கொள்வார் என்று நம்பிக் கேட்கிறேன். உங்களையும் கேட்கிறேன். நம் சங்கத்தின் சென்ற பேரவைக் கூட்டத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். வடத்தைத் தொடாமல் வீட்டில் இருந்துகொண்டு தேர் போகவில்லை என்றால் எப்படி?

சங்கம் இந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மேடைக்கு இடப்பக்க மேசையில் இருக்கிறது. கைநாட்டு வைப்பவர்களுக்காக மைத்தட்டும் வைத்திருக்கிறேன். சாப்பாட்டுப் பந்திக்குப் போகுமுன் உறுப்பினர் எண்ணோடு கையெழுத்திடுங்கள். எண் மறந்தவர்கள் என்னிடம் வாருங்கள், பாதிப் பேருடைய எண் எனக்கு மனப்பாடம்.