ரியானன்: பாட்டுக்குள் வந்த குதிரைக்காரி

வணக்கம். மேலைநாட்டுப் பாடல்களில் வரும் பழைய தெய்வங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லாவற்றையும் தொட நேரமில்லை, ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரியானன்'. 1975 ஆல்பத்தில் இருக்கிறது, அடுத்த வருஷம் தனி இசைத்தட்டாகவும் வந்தது. எழுதிப் பாடியவர் ஸ்டீவி நிக்ஸ்.

வேடிக்கை என்னவென்றால், 1974-இல் அதை எழுதும்போது ரியானன் யார் என்றே அவருக்குத் தெரியாது. ஏதோ ஒரு நாவலில் அந்தப் பெயரைப் பார்த்தார், அதன் ஓசை பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான். மாரியம்மன் யாரென்று தெரியாமல் நம் ஊரில் ஒருவர் மாரியம்மன் பாட்டு எழுதிவிட முடியுமா? ஆனால் பாட்டில் அவள் பறவைபோல வானத்தில் போகிறாள். வேல்ஸ் நாட்டுப் பழங்கதைத் தொகுப்பான மாபினோகியனிலும் ரியானனுக்குப் பறவைகள் உண்டு, செத்தவரை எழுப்பி, உயிரோடிருப்பவரைத் தூங்கவைக்கும் பறவைகள். தெரியாமல் எழுதியது எப்படியோ பொருந்திவிட்டது.

எனக்கு ஒரு குறை உண்டு. மேடையில் நிக்ஸ் இதை ஒரு வேல்ஸ் சூனியக்காரியின் பாட்டு என்று அறிமுகப்படுத்துவார். கதையில் ரியானன் பெற்ற குழந்தை இரவோடு இரவாகக் காணாமல் போகிறது. காவல் இருந்த பெண்கள் தூங்கிப்போனவர்கள், பயத்தில் நாய்க்குட்டியின் ரத்தத்தை அவள் முகத்தில் பூசி, பிள்ளையை அவளே கொன்றுவிட்டாள் என்கிறார்கள். தண்டனையாக அவள் கோட்டை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் தன் கதையைச் சொல்லி, அவர்களை முதுகில் சுமந்து போகவும் தயார் என்று சொல்ல வேண்டும். அப்படிப் பழி சுமந்தவளைச் சூனியக்காரி என்றால், நாமும் அந்தக் காவல்காரிகளோடு சேர்ந்துகொண்டது மாதிரி ஆகாதா?

சரி, தெய்வம் எங்கே? கதை அவளை எங்கும் தெய்வம் என்று சொல்லவில்லை. பெயருக்கு 'பெரிய அரசி' என்று வேர் காட்டி, எப்போனா என்ற குதிரைத் தெய்வத்தோடு அவளைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் அறிஞர்கள். காரணம் அவள் முதலில் வரும் இடம். ஒரு மேட்டில் உட்கார்ந்திருக்கிறான் புயில் என்ற அரசன். பொன்பட்டு உடுத்தி, வெள்ளைக் குதிரையில் மெதுவாக அவள் போகிறாள். ஆட்கள் விரட்டுகிறார்கள், எவ்வளவு வேகமாகப் போனாலும் அவ்வளவு தூரம் தள்ளிப்போகிறாள், குதிரையோ நடைதான் போடுகிறது. மூன்றாம் நாள் அவனே துரத்தி, களைத்துப்போய், "கொஞ்சம் நில்லேன்" என்று கேட்கிறான்.

உடனே நிற்கிறாள். இதை முன்னாலேயே கேட்டிருந்தால் உன் குதிரைக்காவது நல்லதாக இருந்திருக்கும் என்கிறாள்.