அப்பத்தில் யார் புளி போட்டார்கள்?

(ராயபுரத்தில் ஒரு மாலை வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போய்விட்டு வந்தவர்களும் முன்வரிசையில் இருக்கிறீர்கள். கண் சொருகுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது மறைக்கல்வி வகுப்பில் ஒருநாள், இஸ்ரயேல் மக்கள் எகிப்தைவிட்டு அவசரமாகக் கிளம்பிய கதை நடந்தது. அவர்கள் புளிப்பில்லாத அப்பம் சாப்பிட்டார்கள் என்றார் ஆசிரியை. நான் எழுந்து, "அப்பத்தில் யார் டீச்சர் புளி போடுவார்கள்?" என்று கேட்டேன். முட்டி போட வைத்தார். அந்தக் கேள்விக்கு இன்று நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

புளித்த மாவில் செய்த பண்டத்துக்கு எபிரேய மொழியில் 'ஹாமேட்ஸ்' என்று பெயர். அந்த வேரின் பொருளே புளிப்புதான். அதே வேரில் பிறந்த 'ஹோமேட்ஸ்' என்பது காடி, கடையில் வினிகர் என்று கேட்டு வாங்குகிறோமே, அது. ஆகவே 'புளிப்பு' என்று எழுதிய தமிழ் மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் நாக்கைச் சரியாகப் பிடித்துவிட்டார். புளித்த மாவுக்கு ஆங்கிலக்காரர் சொல்லும் 'லெவன்' (leaven) வேறு வழியில் வந்தது. லத்தீனில் 'லெவாரே' என்றால் உயர்த்துதல். ஒருவர் மாவைச் சுவைத்துப் பார்த்துப் பெயர் வைத்தார், இன்னொருவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்துப் பெயர் வைத்தார்.

நம்மிடம் இரண்டு பார்வையும் உண்டு. காசிமேட்டில் நான் இட்லி வாங்கும் ஆயா, நாலரை மணிக்கு அலுமினியக் குண்டானின் மூடியைத் திறப்பார். மாவு விளிம்பைத் தொட்டிருந்தால், "நன்றாகப் பொங்கியிருக்கிறது" என்பார். கரண்டியை விட்டுக் கிளறினால் புடைத்திருந்தது புஸ்ஸென்று அமுங்கும். சித்திரை வெயிலில் சில நாள் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து முகம் சுளிப்பார்: "புளித்துவிட்டது. இன்றைக்கு ஊத்தப்பம்தான்." கவனியுங்கள், நடந்தது ஒரே வேலை. அளவோடு நின்றால் பொங்கியது. அளவு மிஞ்சினால் புளித்தது.

இங்கேதான் வேதாகமத் தமிழோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை. இயேசுவின் திருத்தூதர் பவுல் தீய குணத்தைப் புளித்த மாவு என்று எச்சரிக்கும்போது தமிழ்க் காது உடனே ஒத்துக்கொள்கிறது. ஆனால் இயேசு விண்ணரசையே புளித்த மாவுக்கு ஒப்பிடுகிறார். ஒரு பெண் மூன்று படி மாவில் அதைப் பிசைந்து வைக்க, மாவு முழுவதும் எழும்பிவிடுகிறது. அது பொங்கும் மாவு, ஆயாவின் முகம் மலரும் மாவு. அங்கேயும் 'புளித்த' என்றே எழுதியதால், விண்ணரசு ஊத்தப்பத்துக்கு ஒதுக்கப்பட்டதுபோல் ஆகிவிட்டது.

புளிக்காததற்கு எபிரேயத்தில் 'மட்ஸா' என்று தனிப்பெயர் இருக்கிறது. மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுக்க வேண்டும் என்பது யூதர்களின் விதி. மாவை அதற்குமேல் சும்மா விட்டால் ஹாமேட்ஸ். அரபியிலும் புளித்தது 'கமீர்', புளிக்காதது 'ஃபதீர்' என்று ஆளுக்கொரு பெயர். கிரேக்கர்தான் நம்மைப்போல 'இல்லாத' என்று சேர்த்து 'அஸிமோஸ்' என்றார்கள். நம் அடுப்பங்கரையில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. அரைத்த கையோடு சுட்டால் அடை, பொங்கவிட்டுச் சுட்டால் தோசை. மொழிபெயர்த்தவர்கள் அடையை விட்டுவிட்டு அப்பத்தைப் பிடித்தார்கள். பொங்காத மாவில் ஆப்பம் ஊற்றிப் பாருங்கள், சட்டியைவிட்டு எழுந்து வராது! ஆயாவிடம் போன வாரம், பொங்காத மாவுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "மாவுக்கு மாவு என்றுதான் பெயர்" என்றார். சப்பாத்தியைப் புளிக்காத சப்பாத்தி என்று நாமும் சொல்வதில்லையே.

இந்த ஒரு சொல்லுக்காகத் திருச்சபையே முட்டிக்கொண்டது. 1054இல் ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் பிரிந்தபோது நடந்த வாக்குவாதங்களில், பூசையில் பலிபீடத்தில் வைக்கும் அப்பமும் ஒன்று. நற்செய்தியில் இருக்கும் 'ஆர்தோஸ்' என்ற சொல் எழும்பிய ரொட்டியையே குறிக்கும், ரோமில் வைக்கும் புளிக்காத அப்பம் ரொட்டியே அல்ல என்று கிரேக்கர்கள் வாதாடினார்கள். ரோமின் வழியில் வந்த நம் ராயபுரத்துக் கோயில்களில் இன்றும் பூசையில் தருவது புளிக்காத மெல்லிய அப்பமான ஓஸ்திதான். அந்தப் பெயரும் போர்ச்சுக்கீசியர் வாயிலிருந்து வந்ததே.

கீழைத் திருச்சபைகள் பெரும்பாலும் புளித்த அப்பத்தின் பக்கம். ஆர்மேனியர்கள் அதற்கு விலக்கு, அவர்களுக்கும் புளிக்காததுதான். அவர்கள் 1772இல் கட்டிய கோயில் நம் ஜார்ஜ் டவுனில், கத்தோலிக்கரின் புனித மரியன்னை இணைப் பேராலயம் இருக்கும் அதே தெருவில் நிற்கிறது. உலகத்தையே பிரித்த விஷயத்தில் அந்தத் தெருவில் தகராறு இருந்திருக்க வழியில்லை. ஆர்மேனியன் தெரு என்றால் நம்மில் பாதிப்பேருக்குத் தெரியாது. நம் வாயில் அது அரண்மனைக்காரன் தெரு. அரண்மனையைத் தேடி அங்கே அலைந்தவன் நான். அந்தக் கதைக்கு இன்னொரு மாலை வேண்டும். தேநீர் வந்துவிட்டது, உட்காருகிறேன்.