முதல் ஆர்சி ஜெட்: தரையைப் பார்த்து வாங்குங்கள்

[திரையில்: ஃப்ளாப் (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கைத் தகடு) இறக்கி, ஓடுதளத்தை நோக்கித் தாழ்ந்து வரும் ஒரு ஃபோம் ஜெட்]

முதல் ஆர்சி ஜெட், அதாவது ரிமோட்டில் ஓட்டும் மாடல் ஜெட், வாங்கப் போகிற எல்லாரும் எடுத்ததுமே கேட்பது, எவ்வளவு வேகம் போகும் என்பதைத்தான். அதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நீங்கள் பறக்கவிடும் இடத்தில் தரை எப்படி, தாரா, கட்டாந்தரையா, புல்லா, எத்தனை மீட்டர் தடையில்லாமல் கிடைக்கும், இதைச் சொல்லிவிட்டால் உங்களுக்கு எந்த ஜெட் சரி என்பதில் பாதி முடிந்துவிடும். ஏனென்றால் ஜெட்டை மேலே சுற்றவிடுவது பலர் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை, நேராக, வழுக்கிக்கொண்டு அழகாகப் போகும். இறக்கும்போதுதான் உடைகிறது.

அதற்கு முன் ஒன்று. இது உங்கள் முதல் ஜெட்டாக இருக்கலாம், முதல் விமானமாக இருக்கக் கூடாது. எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு) உள்ள, இறக்கை கீழே பொருத்திய ஒரு ப்ரொப்பெல்லர் விமானத்தை இடப்பக்கமிருந்தும் வலப்பக்கமிருந்தும், லேசான குறுக்குக் காற்றிலும், நினைத்த இடத்தில் உங்களால் இறக்க முடிகிறதா? முடிந்தால் தொடர்ந்து பாருங்கள். இல்லையென்றால் அதையே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுங்கள், அந்த நேரம் வீணாகாது.

சரி, ஜெட்டில் அப்படி என்ன வித்தியாசம்? ப்ரொப்பெல்லர் விமானத்தில் விசிறி மூக்கில் இருக்கிறது, த்ராட்டிலை, அதாவது வேகத்தைக் கூட்டும் குச்சியைத் தள்ளியதும் அந்தக் காற்று இறக்கையின் மேலும் வாலின் மேலும் அடிக்கிறது, அதனால் விமானம் மெதுவாகப் போனாலும் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் பக்கவாட்டில் திருப்பும் ரட்டரும் பேச்சைக் கேட்கும். நாம் வாங்கப்போகும் மின்சார ஜெட்டில், அதாவது இடிஎஃப் ஜெட்டில், விசிறி உடம்புக்குள்ளே ஒரு குழாயில் சுற்றுகிறது, காற்று பின்பக்கமாக வெளியே போய்விடுகிறது, வாலைத் தொடுவதே இல்லை. அதோடு அந்தச் சின்ன விசிறி சுழற்சி ஏறி முழு உந்துவிசை தரவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். தரையிலிருந்து பத்தடி உயரத்தில், வேகம் குறைந்து, மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கும்போது அந்தக் கொஞ்ச நேரம் உங்களிடம் இருக்காது. ஒரு இறக்கை சட்டென்று சாயும், அவ்வளவுதான்.

ஆகவே ஜெட்டை இறக்கும்போது த்ராட்டிலை முழுக்க மூடக் கூடாது. பல ஜெட்டுகளுக்கு மூன்றில் ஒரு பங்கு அளவு திறந்தே வைத்து, விசிறிச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இறங்கும் உயரத்தை த்ராட்டிலால் கூட்டிக் குறைக்க வேண்டும், ஓடுதளத்தின் மேல் வந்த பிறகுதான் மெல்ல மூட வேண்டும். இப்படி வேகத்தோடு வருகிற விமானத்துக்கு ஓட இடம் வேண்டும். தரையைப் பற்றி முதலில் கேட்டது இதனால்தான்.

[திரையில்: இரண்டு ஜெட்டுகளின் சக்கரங்கள், அருகருகே]

இந்தச் சக்கரங்களைப் பாருங்கள். 64 மில்லிமீட்டர் விட்டத்தில் விசிறி உள்ள ஜெட்டின் சக்கரம் மிகச் சின்னது, கால் மெல்லிய கம்பி. வெட்டாத புல்லில் இது உருளாது, ஏறவும் ஏறாது, இறங்கினால் முன்கால் மடங்கி மூக்கில் குத்தும். தார் போட்ட தளம் இருந்தால் இதே ஜெட் அருமையாக ஓடும், விலையும் குறைவு. புல் அல்லது கட்டாந்தரைதான் உங்களுக்கு வாய்த்தது என்றால் 70 அல்லது 80 மில்லிமீட்டர் விசிறி, பெரிய சக்கரம், அடி வாங்கும் ஸ்பிரிங் கால் இருக்கிற மாடலுக்குப் போங்கள். ஃப்ரீவிங் அவந்தி எஸ் 80 மில்லிமீட்டரைப் பலர் முதல் ஜெட்டாக வாங்குவதற்கு இந்தக் கால் ஒரு முக்கியக் காரணம். ஈ-ஃப்ளைட்டின் ஹாபு எஸ்டிஎஸ் 70 மில்லிமீட்டர் விசிறியோடு, பழகுவதற்கென்றே வந்தது, அதில் பறக்கும்போது கால் உள்ளே மடங்காது, வெளியிலேயே இருக்கும். காற்றில் பார்க்க அவ்வளவு அழகில்லை என்பார்கள். முதல் ஜெட்டில் மடங்குகிற கால் இல்லாமலிருப்பது நல்லது என்றே நான் சொல்வேன், பழுதாக ஒன்று குறைகிறது, எடையும் குறைகிறது.

எடை ஏன் முக்கியம்? இறக்கைப் பரப்பு மாறாமல் எடை 20 சதவீதம் ஏறினால், விமானம் விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் ஏறக்குறைய 10 சதவீதம் ஏறுகிறது. இன்னும் கொஞ்ச நேரம் பறக்கலாமே என்று பெரிய பேட்டரியைத் திணிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அந்தக் கூடுதல் நிமிடத்துக்கு விலையாக ஒவ்வொரு தடவையும் வேகமாக இறங்க வேண்டியிருக்கும்.

இறக்கையின் வடிவமும் அப்படித்தான். எல்-39 நிஜத்தில் செக்கோஸ்லோவாக்கியாவில் விமானிகளைப் பழக்குவதற்காகவே செய்த ஜெட், இறக்கை நேராக, தாராளமாக இருக்கும், அதன் மாடலும் மெதுவாக வர ஒத்துழைக்கும். எஃப்-104, மிக்-21 மாதிரி போர் விமானங்களின் குட்டை இறக்கைகளும் முக்கோண இறக்கைகளும் கண்ணைப் பறிக்கும், நிஜத்திலேயே அவை அதிவேகமாக இறங்குவதற்குப் பேர்போனவை. அவற்றை இரண்டாவது, மூன்றாவது ஜெட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரிக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். 80 மில்லிமீட்டர் ஜெட் ஒன்று முழு த்ராட்டிலில் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 5000 எம்ஏஹெச், அதாவது 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் 20 சதவீதத்தை மிச்சம் வைத்தால் கையில் இருப்பது 4 ஆம்பியர்-மணி. வகுத்துப் பார்த்தால் 144 வினாடி! த்ராட்டிலைக் குறைத்து ஓட்டினால் மூன்று நான்கு நிமிடம் வரும். ட்ரான்ஸ்மிட்டரில் டைமரை முதலில் மூன்று நிமிடத்துக்கு வையுங்கள், ஏனென்றால் முதல் முயற்சியிலேயே இறக்க முடியாமல் திரும்ப ஒரு சுற்று போக வேண்டிவரும், அதற்குப் பேட்டரியில் ஏதாவது இருக்க வேண்டும். கீழே வந்ததும் செல்லுக்கு 3.7 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. வீட்டில் எடுத்து வைக்கும்போது 3.8 வோல்ட். வெயிலில் நிற்கும் காருக்குள் இந்த லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை ஒருபோதும் விடாதீர்கள்.

டர்பைன் பற்றிக் கேட்பீர்கள். மண்ணெண்ணெய் எரித்து, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடுகிற உண்மையான ஜெட் எஞ்சின். அமெரிக்காவில் ஏஎம்ஏ என்ற மாடல் விமான அமைப்பின் விதிப்படி அதற்கென்று தனி அனுமதி வாங்க வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் வேண்டும். முதல் ஜெட்டுக்கு வேண்டாம்.

கைரோ, அதாவது விமானம் ஆடினால் தானே திருத்தும் கருவி, போடலாமா? போடுங்கள், காற்றடித்தாலும் ஆடாமல் பறக்கும். ஆனால் வேகம் இல்லாத விமானத்தைக் கைரோ காப்பாற்றாது. பறக்கும் முன் ஒரு சோதனை, இதை மட்டும் தவறவிடாதீர்கள்: விமானத்தைக் கையில் பிடித்து வலது இறக்கையைச் சட்டென்று மேலே தூக்குங்கள், வலது எய்லரான் மேல்நோக்கி அசைய வேண்டும். கீழ்நோக்கி அசைந்தால் கைரோ தலைகீழாக வேலை செய்கிறது, அன்றைக்குப் பறக்கவிடாதீர்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் இடத்தை முடிவு செய்யும் முன் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரைதான், அதுவும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மட்டும்.

[திரையில்: உயரத்தில், கால் இறக்கி மெதுவாகப் போகும் ஜெட்]

முதல் நாள் ஏற்றியதும் நேரே இறக்க வராதீர்கள். உயரத்திலேயே ஃப்ளாப்பை இறக்கி, த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எந்த இடத்தில் இறக்கை ஆட ஆரம்பிக்கிறது, அப்போது விசிறிச் சத்தம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் ஓடுதளத்தின் மேல் இறங்காமல் இரண்டு மூன்று தாழ்வான சுற்று. கடைசியாக, இறக்கை ஆட ஆரம்பித்த அந்த அளவைவிட ஒரு படி கூடுதல் த்ராட்டிலோடு இறக்க வாருங்கள்.