விசிட்டிங் கார்டு கொண்டு வரவில்லை

(திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலில் பீடி சுற்றும் தாய்மார்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், விபத்து இழப்பீட்டு வழக்குகள் பற்றி ஒரு வக்கீலாகப் பேசியது. பேச்சு வாக்கிலேயே எழுதியிருக்கிறேன்.)

தாய்மார்களே, மைனிமார்களே, கதவோரம் நிற்கிற அண்ணாச்சிமார்களே, வணக்கம். அண்ணாச்சிமார் உள்ளே வந்து உட்காருங்கள். பைக் ஓட்டுகிறது நீங்கள், பின்னால் இருந்து விழுகிறது இவர்கள். இரண்டு பேரும் கேட்க வேண்டிய பேச்சு இது.

நோட்டீஸ் அடித்த தம்பி போன வாரம் கேட்டார்: "மேடம், ஒங்க பேருக்குக் கீழ போன் நம்பர் போட்டுருவோமா? சனங்களுக்கு சவுரியமா இருக்கும்லா?" வேண்டாம் என்றேன். இன்றைக்குப் பையில் ஒரு விசிட்டிங் கார்டு கூட இல்லை, வேண்டுமென்றே எடுத்து வைத்துவிட்டு வந்தேன். பார் கவுன்சில் விதிகளில் 36-ஆம் விதி என்று ஒன்று உண்டு. வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது, ஆள் விட்டு வழக்குப் பிடிக்கக் கூடாது. ஆபீஸ் வாசலில் தொங்குகிற போர்டு கூட அளவோடுதான் இருக்க வேண்டும். டவுனில் அல்வாக் கடைக்காரருக்கு இருக்கிற சுதந்திரம் எனக்குக் கிடையாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன்? அடிபட்டுக் கிடக்கும்போது உங்களைத் தேடி ஒருவர் வருவார். எலும்பு வார்டில் மூன்றாம் நாள், இல்லையென்றால் நாலாம் நாள். பிளாஸ்க்கில் டீயும் கையில் பன்னுமாக வருவார். நீங்கள் யார் என்று கேட்கும் முன்னால் உங்கள் ஊரில் அவருக்குத் தெரிந்தவர் பேரைச் சொல்லுவார். "ஒத்தப் பைசா செலவு கிடையாது அண்ணாச்சி, வார பணத்துல பாத்துக்கிடுவோம்" என்பார். பிறகு எழுதாத வக்காலத்தில் ஒரு கையெழுத்து, பில்லு, எக்ஸ்ரே, எல்லாம் ஒரு பையில். அவ்வளவுதான், உங்கள் வழக்கு உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. எந்தக் கோர்ட்டுக்குப் போனது என்றே தெரியாமல் இரண்டு வருஷம் கழித்து என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். நாங்குநேரிப் பக்கம் நடந்த விபத்துக்கு, நம் ஆட்கள் காலெடுத்து வைக்காத ஊரில் வழக்கு நிலுவையில் இருக்கும்.

வருகிற பணத்தில் இத்தனை பங்கு என்று பேசுவதற்கு எந்த வக்கீலுக்கும் உரிமை கிடையாது. அதே விதிகளில் 20-ஆம் விதி தடுக்கிறது. நான் சும்மா வேலை பார்க்கிறவள் இல்லை, பீஸ் வாங்குகிறேன். அது உங்கள் கால் எவ்வளவு விலை போனது என்று பார்த்து வாங்குகிற பீஸ் இல்லை. பீஸ் கொடுக்க முடியாதவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 15100-க்கு போன் போட்டால் வழி சொல்லுவார்கள். அந்த நம்பரைச் சொல்ல எனக்குத் தடை இல்லை.

சரி, சோலிக்கு வருவோம்.

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அங்கே ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். ஏ.ஆர். என்போம், விபத்துப் பதிவேடு. "எப்படிம்மா அடிபட்டது?" என்று டூட்டி டாக்டர் கேட்பார். பதற்றத்தில் கூட வந்தவர் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதை ஒரு வரியில் எழுதுவார். அந்த ஒரு வரிதான் வழக்கு.

எனக்குத் தெரிந்து ஒரு பையன். ஊர் வேண்டாம். பைக்கில் போனவனை உறவுக்காரர் ஒருவரின் டிராக்டர் திரும்புகிற இடத்தில் இடித்துவிட்டது. தொடை எலும்பு முறிவு. அம்மாக்காரி ஆஸ்பத்திரியில், "பைக்குல இருந்து தானா விழுந்துட்டான் சார்" என்று சொல்லிவிட்டாள். ஏன்? டிராக்டர்காரர் அவளுக்கு அண்ணன் முறை. செலவெல்லாம் நான் பார்த்துக்கிடுதேன் என்றிருக்கிறார். பத்து நாள் பார்த்தார். காலில் பிளேட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு அவர் போன் எடுக்கவில்லை. 22-ஆம் நாள் இவர்கள் போலீசுக்குப் போனார்கள். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் வக்கீல் நீளமாக ஒன்றும் பேசவில்லை. ஏ.ஆர். காப்பியை எடுத்து அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தள்ளுபடி. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு மேல்முறையீடு போனோம். எங்களுக்கு முன்னாலேயே அந்த வரி அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் பணம் கொடுப்பது கம்பெனி. அண்ணன் மேல் ஒரு கிரிமினல் கேஸ் வந்திருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இழப்பீட்டுக்காக அவர் பாக்கெட்டில் இருந்து ஒரு ரூபாய் போயிருக்காது. இரண்டு குடும்பமும் இன்றைக்குப் பேசிக்கொள்வதில்லை. எதைக் காப்பாற்ற அந்தம்மா பொய் சொன்னாளோ, அதுவும் போயிற்று.

அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த வண்டி, என்ன நம்பர், எங்கே வைத்து. 108-ல் ஏற்றும்போதும் அதே பேச்சு, போலீசிலும் அதே பேச்சு. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்தது என்பதற்கு மட்டும் ஒரு ரசீது, கையில் கொடுத்து அனுப்புவார்கள். அதைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு எப்.ஐ.ஆர். ஆகிவிட்டது என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். எப்.ஐ.ஆர். வேறு, அது வேண்டும். புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம்.

ரோட்டில் கிடப்பவரைத் தூக்கினால் நம்மை இழுத்தடிப்பார்களோ என்கிற பயம் இன்னும் போகவில்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவையே சேர்த்துவிட்டார்கள். உதவி செய்கிறவர் மேல் வழக்கு வராது, பேர் கூடச் சொல்ல வேண்டியதில்லை. தூக்குங்கள். சிகிச்சைச் செலவுக்கு அரசு கொண்டுவந்த இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் இருந்து இருக்கிறது, முதல் 48 மணி நேரத்துக்கு. வேறு மாநில லாரி டிரைவராக இருந்தாலும் நம் எல்லைக்குள் அடிபட்டால் உண்டு.

வழக்குப் போட எத்தனை நாள்? விபத்து நடந்த நாளில் இருந்து ஆறு மாதம். இந்தக் கெடு பழைய சட்டத்தில் இருந்தது, 1994-ல் எடுத்தார்கள், 2022 ஏப்ரல் 1 முதல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறார்கள். அது எப்படியும் ஆகட்டும், நீங்கள் கோயில் கொடை கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று இருக்காதீர்கள். நீங்கள் குடியிருக்கிற ஊருக்கான கோர்ட்டிலேயே போடலாம்.

இனி உங்கள் கையைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒரு மைனி, வயது 38. பைக்கில் பின்னால் போகும்போது வேன் மோதி வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மடங்காமல் போய்விட்டது. மருத்துவ போர்டு 20 சதவீதம் ஊனம் என்று எழுதியது. போர்டு மேல் தப்பில்லை. மொத்த உடம்பை 100 என்று வைத்து, அதில் இந்த இரண்டு விரல் எவ்வளவு என்று பார்ப்பது அவர்கள் கணக்கு. இன்சூரன்ஸ் கம்பெனி அதையே பிடித்துக்கொண்டது: 20 சதவீதம்தானே, மீதி 80 வேலை செய்யுதுல்லா?

நான் மைனியிடம், "விசாரணை அன்னைக்குப் பீடித் தட்டைக் கொண்டாங்க" என்றேன். சாட்சிக் கூண்டு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். வெட்டின இலை, தூள், நூல், எல்லாம் தட்டில். எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது, ஒரு பீடிக்குள் பெருவிரலுக்கு எத்தனை வேலை என்று. இலையை உருட்டுவது அது, தூளை அமுக்குவது அது, நூலைச் சுற்றும்போது பிடித்துக்கொள்வது அது, கடைசியில் முனையை மடக்குவதும் அது. மைனி மிச்ச விரல்களை வைத்து எப்படியோ உருட்டினாள். நூல் சுற்றும்போது இலை விரிந்துவிட்டது. திரும்ப உருட்டினாள். அரை மணி நேரத்தில் ஏழு பீடி. அதிலும் மூன்று, கடையில் கழித்துவிடுகிற மாதிரி. முன்னால் நாளைக்கு ஆயிரம் சுற்றினவள். கோர்ட்டில் புகையிலை நெடி. நீதிபதி அந்த ஏழையும் கையில் வாங்கிப் பார்த்தார்.

2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பு ஏறக்குறைய முழுசாகப் போகும், குமாஸ்தாவாக இருந்தால் அப்படி இல்லை. உடம்பு ஊனம் ஒன்று, பிழைப்பு ஊனம் வேறொன்று. 2014-ல் கால் போன ஒரு காய்கறி வியாபாரிக்கு 85 சதவீதம் பிழைப்பு போனதாக எடுத்துக்கொண்டார்கள்.

அதனால் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்பீர்கள். கணக்குக்கு வசதியாக மாத வருமானம் 10,000 என்று வைப்போம். 40 வயதுக்குள் சொந்தமாக உழைக்கிறவர் என்றால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்க்க வேண்டும், 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் வந்த தீர்ப்பு. 14,000 ஆயிற்று. வருஷத்துக்கு 1,68,000. 38 வயதுக்கு அதைப் பெருக்க வேண்டிய எண் 15. பெருக்கினால் 25,20,000. இதில் 20 சதவீதம் என்றால் 5,04,000. பிழைப்பு 60 சதவீதம் போயிற்று என்று வைத்தால் 15,12,000. பத்து லட்சம் ரூபாய் அந்தத் தட்டில்தான் இருந்தது. தட்டைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லாமல் விட்டிருந்தால் கேட்க ஆள் இல்லை.

ஆனால் அந்த 10,000-ஐ எப்படி நிரூபிப்பது? கூலிக் கணக்கு எழுதுகிற பீடிப் பாஸ்புக்தானே? இங்கேதான் நம் வீட்டுக் கதை வருகிறது. பாஸ்புக் மாமியார் பேரில், சுற்றுவது மருமகள். சிரிக்காதீர்கள், எத்தனை வீட்டில் என்று எனக்குத் தெரியும். மருமகளுக்கு அடிபட்டால் அவள் "வீட்டில் சும்மா இருப்பவள்" ஆகிவிடுகிறாள். காகிதம் இல்லாத கூலிக்காரர் சொல்வது நியாயமாக இருந்தால் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பு இருக்கிறது. வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று 2021-ல் கூடச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் கையில் இருக்கிற பாஸ்புக்குக்கு உள்ள பலம் வாய்ப்பேச்சுக்கு வராது. அவரவர் பேரில் பாஸ்புக், அவரவர் பேரில் பி.எப். மாமியாரோடு சண்டை போட்டாவது வாங்கிவிடுங்கள். நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மெடிக்கல் பில் எழுத்து ஒரு வருஷத்தில் மங்கி வெள்ளைத் தாளாகிவிடும், உடனே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

அண்ணாச்சிமாருக்கு ஒன்று. வண்டிக்கு ஆக்ட் பாலிசி, அதாவது வெளி ஆளுக்கு மட்டும் ஆகிற இன்சூரன்ஸ் போட்டிருக்கிறீர்கள், நாய் குறுக்கே வந்து நீங்களே விழுகிறீர்கள். பின்னால் இருந்த மைனிக்கு அந்தப் பாலிசியில் ஒன்றும் கிடையாது. பேக்கேஜ் பாலிசி, நம் பாஷையில் புல் இன்சூரன்ஸ், போட்டிருந்தால் உண்டு. ஓட்டுகிற ஓனருக்கு 15 லட்சத்துக்குத் தனிநபர் காப்பீடு இருக்கிறது, பிரீமியத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று அதை விட்டுவிடுகிறோம். அப்புறம் இந்தக் குட்டி யானை. களை எடுக்கவும், குலதெய்வம் கோயில் கொடைக்கும் லோடு ஆட்டோவில் இருபது பேர் நின்றுகொண்டு போகிறோம். சரக்கு வண்டியில் ஓசியாகவோ காசு கொடுத்தோ ஏறுகிறவர்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2003-லேயே தீர்ப்பு. வண்டிக்காரரிடம் வாங்கிக்கொள் என்பார்கள். அவருக்கு இருக்கிற ஒரே சொத்து கவிழ்ந்து கிடக்கிற அந்த வண்டி. பஸ் இல்லாத ஊருக்கு எதில் போக என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

இவ்வளவுதான் பேச நினைத்தேன். கேள்வி இருந்தால் கேளுங்கள்.

(முன்வரிசையில் இருந்த ஒரு ஆச்சி எழுந்தார். சுருக்குப் பையில் இருந்து நாலாக மடித்த எப்.ஐ.ஆர். நகலை எடுத்து நீட்டினார்.)

படிக்கிறேன், ஆச்சி. தாத்தா விடியக்காலையில் டீக்கடைக்கு நடந்து போனவர். "அடையாளம் தெரியாத வாகனம்." வண்டி கிடைக்கவே இல்லையா? "இல்லம்மா, வண்டி தெரியாட்டி கேசு இல்லன்னு சொல்லிட்டாக."

யார் சொன்னார்களோ, முழுசாகச் சொல்லவில்லை. இடித்துவிட்டு ஓடின வண்டி கிடைக்காவிட்டாலும் உயிரிழப்புக்கு 2 லட்சம் உண்டு, பலத்த காயத்துக்கு 50,000. முன்னால் உயிரிழப்புக்கே 25,000-தான் இருந்தது, 2022 ஏப்ரலில் கூட்டினார்கள். தாத்தா அதற்குப் பிறகுதானே? தேதி இருக்கிறது, பிறகுதான். இதற்குக் கோர்ட் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். வருவாய்த் துறை அதிகாரியிடம் மனு. சேரன்மகாதேவியில் சப்-கலெக்டர் ஆபீசில் போய்க் கேளுங்கள். இந்த எப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக்.

"நான் தனியாப் போனா உள்ள விடுவாகளா?"

விடுவாக, ஆச்சி. விவரத்தையெல்லாம் இப்பவே ஒரு தாளில் எழுதிக்கிடுவோம், அங்கே பாரத்தில் பார்த்து நிரப்பினால் போதும். தம்பி, அந்த நோட்டீஸ் மிச்சம் இருந்தா ஒண்ணு கொண்டா. பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு?