காலநிலை பேசுகிறவர்கள் எதில் வந்து இறங்குகிறார்கள்?

வணக்கம் நேயர்களே. வயலில் நிற்கிறவர்கள், அடுப்படியில் நிற்கிறவர்கள், பஸ்ஸுக்குள் நெரிபடுகிறவர்கள், எல்லாருக்கும் வணக்கம். நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். காலநிலை என்று வாயைத் திறந்தால் குளமும் மழையும்தான் வரும். ஆனால் இன்றைக்குக் கொஞ்சம் வம்பான விஷயம். பூமி சூடாகிறது, சிக்கனமாக இருங்கள் என்று ஊருக்குச் சொல்கிற பெரிய மனிதர்கள், தாங்கள் அப்படி இருக்கிறார்களா? இளம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்.

முதலில் அமெரிக்காவின் முன்னாள் உப ஜனாதிபதி அல் கோர். காலநிலைக்காகப் பேசி 2007இல் நோபல் சமாதானப் பரிசில் பங்கு பெற்றவர். அதே ஆண்டில்தான் அவருடைய வீட்டு மின் பட்டியல் சந்திக்கு வந்தது. முந்தின வருடம் 2 இலட்சம் அலகுக்கு மேல், அதாவது சாதாரண அமெரிக்க வீட்டைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு. இங்கே மாதம் 60 அலகு தாண்டினாலே வீட்டில் சத்தம் கிளம்பும்! சரி, அவர் பிறகு கூரையில் சூரிய மின்கலம் பூட்டினார், அதையும் சொல்ல வேண்டும். 2021இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுக்குப் போன பிரித்தானியப் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் லண்டனுக்கு விமானத்தில் திரும்பினார். ரயிலில் நாலரை மணித்தியாலத் தூரம். கிளிநொச்சியில் இருந்து கொழும்புக்கு நாங்கள் அதைவிடக் கூடுதல் நேரம் இருந்துதான் போகிறோம்.

அப்போ காலநிலை மாற்றம் பொய்யா? இல்லை. 2017இல் குளங்கள் வற்றி வெடித்துக் கிடந்ததும், 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து, கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனம் வெள்ளத்தோடு பள்ளிக்கூடங்களில் போய் இருந்ததும் நாங்கள் கண்டதுதான். இரணைமடுவுக்கு அல் கோரின் மின் பட்டியல் தெரியாது. சொல்கிறவர் ஒழுங்கில்லை என்பதால் சொன்னது பிழையாகிவிடாது. திரும்பவும் சொல்கிறேன், பிழையாகிவிடாது. ஆனால் சனம் கேட்காது, அதுதான் சிக்கல். 2016இல் வந்த ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது: காலநிலை ஆய்வாளர் தன் வீட்டில் மின்சாரத்தை வீணாக்குகிறார் என்று தெரிந்தால், அவர் சொல்கிற சிக்கனத்தைக் கடைப்பிடிக்கிற எண்ணம் கேட்கிறவர்களுக்குக் குறைகிறதாம்.

இதைச் சொல்லும்போது ஒரு மரநடுகை விழா ஞாபகம் வருகிறது. எந்த இடம், யார் என்று சொல்ல மாட்டேன், கேட்டுக்கொண்டிருப்பார். பிரதம விருந்தினருக்காகப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். பத்து மணி விழா, பன்னிரண்டு தாண்டித்தான் அவர் வருகிறார், முன்னால் ஒரு பிக்கப், பின்னால் இரண்டு வாகனம். இறங்கியதும் மாலை, பிறகு பேச்சு. அருமையான பேச்சு, பொய் சொல்லக்கூடாது. புவி வெப்பமாதல், எதிர்காலச் சந்ததி, எல்லாம் வந்தது. அவ்வளவு நேரமும் அவருடைய வாகனத்தின் என்ஜின் நிற்கவில்லை, சாரதி ஏசியைப் போட்டு உள்ளே நித்திரை. மேசை நிறையச் சின்னத் தண்ணீர்ப் போத்தல், எல்லாம் பாதி குடித்தபடி. அப்புறம் மருதங்கன்று நட்டார். நட்டார் என்றால், கறுத்தப் பொலித்தீன் பையைக் கழற்றாமலே குழிக்குள் இறக்கிவிட்டார்! ஒரு சின்னப் பிள்ளை, "ஐயா, பை..." என்று இழுத்தது. ஆசிரியை பிள்ளையைப் பின்னால் இழுத்தார். படம் எடுத்தாயிற்று. பிறகு நான் போய்க் கன்றைத் தூக்கிப் பையைக் கிழித்து நட்டேன், வேலியடைக்க ஆள் இல்லாததால் ஆடு தின்றது வேறு கதை.

கிரேட்டா துன்பேர்க் என்ற சுவீடன் பிள்ளை 2019இல் விமானம் ஏற மாட்டேன் என்று பாய்மரப் படகில் இரண்டு கிழமை அத்திலாந்திக் கடலில் ஆடிக்கொண்டு நியூயோர்க் போய்ச் சேர்ந்தது. அதற்கும் குறை பிடித்தார்கள், படகைத் திருப்பிக் கொண்டுவர வேறு ஆட்கள் விமானத்தில் போனார்களாம். ஆக, குறையே இல்லாத ஆளைத் தேடினால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்.

நாங்களும் பெரிய உத்தமர் இல்லைப் பாருங்கள். யுத்த நேரம் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். கொள்கைக்காகவா? கிடைக்கவில்லை, அவ்வளவுதான். தடை எடுபட்டதும் முதலில் வாங்கியது மோட்டார் சைக்கிள்.

அதனால் நான் பார்ப்பது அவர் எதில் வந்து இறங்கினார் என்பதை மட்டுமல்ல, தான் கேட்கிற தியாகத்தில் அவருக்குப் பங்கு இருக்கிறதா என்பதை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நிறுத்தினார். அந்தப் பெருமையோடு கிளாஸ்கோவிலும் பேசினார். இங்கே பெரும்போக விதைப்பு நேரம். யூரியா இல்லை, இருந்தாலும் களவு விலை. மண்ணுக்கு நல்லதுதான், நானே சேதனப் பசளை பற்றித் தொண்டை கிழியப் பேசியவன், ஆனால் அது ஒரு போகத்தில் மாற்றுகிற காரியமில்லை. அந்த நவம்பர் முடியுமுன் தடையை விலக்கினார்கள், பயிர் மஞ்சளடித்து நின்றதற்கு யார் பொறுப்பு? கமக்காரன் நகை அடைவுக்குப் போனது. முடிவெடுத்தவர்கள் வீட்டில் என்ன அடைவுக்குப் போனது?

தம்பி கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார், நேரம் முடிகிறதாம். மன்னாரைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்தேன். ஓட்டமாகச் சொல்கிறேன்: தம்பபவனி காற்றாலை, 30 கோபுரம், 103.5 மெகாவாற். காற்று மின்சாரம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 2025இல் மேலும் கோபுரங்கள் வேண்டாம் என்று மன்னார்ச் சனம் வீதியில் இறங்கியபோது, வெள்ளம் வடிகிற வழியைப் பற்றி அவர்கள் கேட்டதற்குப் பதில்... சரி சரி, முடிக்கிறேன் தம்பி. இன்னொரு நாள் கூப்பிட்டால் அதைப் பேசுகிறேன். வணக்கம்.