ரவென்னாவில் ஒரு நாள், ஒரு யூரோ காசுக்கு அலைந்த கதை

வணக்கம் மக்களே. இத்தாலியில் போலோக்னா வரை போய்விட்டு வெனிஸைப் பார்க்காமல் ரவென்னாவுக்கு ஏன் போனாய் என்று போன வீடியோவுக்குக் கீழே ஆளாளுக்குக் கேட்டிருந்தீர்கள். கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு என்னால் எதையும் ரசிக்க முடியாது, இது உங்களுக்கே தெரியும். போலோக்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், இறங்கினால் முக்கால்வாசி இடம் நடக்கிற தூரம். 402-இல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரத்தையே இங்கே மாற்றினார்கள் என்றால் நம்ப முடியாது, ஊர்க்காரர்கள் பாட்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இத்தாலியக் கவிஞர் தாந்தேக்கு இறுதிச் சடங்கு நடந்த சான் பிரான்செஸ்கோ தேவாலயம். பீடத்துக்கு அடியில் ஒரு நிலவறை இருக்கிறது, தரை தாழ்ந்துகொண்டே போய் நிலத்தடி நீர் ஏறி இப்போது குளம் மாதிரி நிற்கிறது. வண்ணச் சில்லுகள் பதித்த பழைய மொசைக் தரைக்கு மேலே தங்கமீன்கள் நீந்துகின்றன! ஆனால் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கலாம், உள்ளே கும்மிருட்டு, பெட்டியில் காசு போட்டால்தான் விளக்கு எரியும். ஒரு யூரோ. என்னிடம் இருந்தது 50 யூரோ நோட்டும் கார்டும். பக்கத்துக் காபிக் கடையில் நோட்டை நீட்டினேன், ஒரு எஸ்பிரெஸ்ஸோவுக்கு இதை மாற்ற முடியாது என்று கார்டை வாங்கித் தேய்த்துவிட்டார். அடுத்த கடையில், எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒரு ஃப்ரிட்ஜ் மேக்னெட்டை வாங்கினேன், சில்லறைக்காக மட்டும். மீதி கொடுத்தார் பாருங்கள், எல்லாம் நோட்டு, கூடவே 2 யூரோ காசு! ஒரு யூரோவுக்கு எரிகிற விளக்குக்கு 2 யூரோவா, நான் போடுவேனா? போடவில்லை. திரும்பிப் போனால் ஒரு பாட்டி காசு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஓசியில் பார்த்துவிட்டேன். விளக்கு அணைந்ததும் அவரே இன்னொன்றும் போட்டார். அந்தப் பாட்டி நூறு வயது வாழட்டும்.

அட, அதற்கு முன்னாலேயே சான் விதாலே போனேனே, அதைச் சொல்லவே இல்லை. 547-இல் அர்ப்பணித்த தேவாலயம். பீடத்துக்கு ஒரு பக்கம் கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியன், எதிர்ப்பக்கம் மனைவி தியோடோரா, இருவரும் மொசைக்கில் பரிவாரத்தோடு நிற்கிறார்கள். இதில் வேடிக்கை, இரண்டு பேருமே இந்த ஊருக்கு வந்ததே இல்லை. தங்கக் கண்ணாடிச் சில்லுகளைக் கொஞ்சம் சாய்த்துப் பதித்திருப்பதால், நாம் ஒரு அடி நகர்ந்தால் சுவரே மினுக்குகிறது. என் கேமராவில் அது துளிகூட வரவில்லை. பக்கத்திலேயே, ரோமப் பேரரசர் குடும்பத்துப் பெண் காலா ப்ளாசிதியா பெயரில் உள்ள மண்டபம், கருநீல விதானம் முழுக்க நட்சத்திரம், ஆனால் உள்ளே 5 நிமிடம்தான் விடுகிறார்கள். கழுத்தைத் தூக்கவே 2 நிமிடம் போய்விடுகிறது.

எனக்கு அதிகம் பிடித்தது சான்ட் அப்போலினாரே நுவோவோ தேவாலயம். கோத் என்ற ஜெர்மானிய இனத்தின் மன்னர் தியோடரிக் கட்டியது. சுவரில் அவர் அரண்மனையை மொசைக்கில் வைத்திருந்தார்கள், தூண்களுக்கு நடுவே ஆட்கள் நின்றார்கள். பிறகு ஊர் பைசாந்தியர் எனும் கிழக்கு ரோமர் கைக்குப் போனது, கோத்கள் ஏரியுஸ் என்ற குருவின் வழி வந்த வேறு பிரிவுக் கிறிஸ்தவர்கள் என்பதால் அந்த ஆட்களை எடுத்துவிட்டு அங்கே திரைச்சீலை பதித்துவிட்டார்கள். ஆனால் தூணின் மேல் பட்டிருந்த கைகளை மட்டும் விட்டுவிட்டார்கள்! உடம்பே இல்லை, தூணில் ஒரு கை, விரல்கள். இதைக் கண்டுபிடித்ததும் மற்ற தூண்களில் எல்லாம் கை தேடிக்கொண்டு வெகு நேரம் அண்ணாந்தே நின்றேன்.

தாந்தே கல்லறை சின்னதுதான். அவரை ஊரைவிட்டுத் துரத்திவிட்ட ஃப்ளோரன்ஸ்காரர்கள் 1519-இல் போப் அனுமதியோடு எலும்பைக் கேட்டு வந்தார்கள், பெட்டியைத் திறந்தால் காலி. துறவிகள் முன்கூட்டியே ஒளித்துவிட்டார்கள், 1865-இல்தான் மறுபடி கிடைத்தது. கேட்டதும் கைதட்டத் தோன்றியது. மதியம் பியாதினா, நம் சப்பாத்தி மாதிரி, உள்ளே ஸ்குவாக்கெரோனே என்கிற குழைவான சீஸ். இரண்டு சாப்பிட்டேன்.

கடைசியாகத் தியோடரிக்கின் சமாதி, இது மட்டும் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது. தேவாலயங்களுக்கு வாங்கிய கூட்டு டிக்கெட் இங்கே செல்லாது, தனியாக வாங்க வேண்டும், முன்பே சொல்லிவிடுகிறேன். கூரை முழுக்க ஒரே கல், அகலம் சுமார் 10 மீட்டர், எடை 200 டன்னுக்கு மேல், அட்ரியாடிக் கடலுக்கு அந்தக் கரையில் உள்ள இஸ்த்ரியாவிலிருந்து வந்தது. ஓரத்தில் சுற்றிலும் 12 கைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன. இன்றைக்கு இருக்கிற மாதிரி கிரேன் இல்லாத காலத்தில் இதை எப்படி மேலே ஏற்றியிருப்பார்கள்? சிவில் படித்தவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் வந்து விளக்குங்கள், எனக்கு நிஜமாகவே மண்டை குடைகிறது.