சின்னத் தீவுக்குக் கட்சி எதற்கு?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஃபாக்லாந்து தீவுகளின் தேர்தலுக்குக் கட்சி வேண்டும் என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பருக்கும் வணக்கம். "கட்சி இல்லாத தேர்தல் தாளிக்காத ரசம்" என்றார். நானும் கை தட்டினேன். ஆனால் பந்தியில் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டாமா?

தென் அட்லாண்டிக்கில் பிரிட்டனின் ஆட்சிப்பகுதி அது. பரப்பு 12,000 சதுர கிலோமீட்டர், மக்களோ 3,500 சொச்சம். நம் ஊரில் இரண்டு பெரிய கல்யாணத்துக்கு வருகிற கூட்டம்! நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 8 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைநகர் ஸ்டான்லிக்கு 5, ஆட்டுப்பண்ணைகள் பரந்து கிடக்கும் நாட்டுப்புறத்துக்கு 3. நாட்டுப்புறத்தை அவர்கள் 'கேம்ப்' என்பார்கள். எட்டுப் பேரும் சுயேச்சை.

நமக்கு வேட்பாளரைத் தெரியாது, சின்னத்தைத் தெரியும். அங்கே ஆளையே தெரியும். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தந்தாரா என்பது வரைக்கும் தெரியும்! அப்புறம் சின்னம் எதற்கு? ஸ்டான்லி வாக்காளர் ஒருவருக்கு 5 ஓட்டு வரை உண்டு. ஐந்தையும் ஐந்து விதமான ஆளுக்குப் போடலாம்.

கட்சி இல்லாவிட்டால் ஒதுக்குப்புறத்துக்காரனை யார் கவனிப்பார்கள் என்று கேட்டார். கேம்பில் தேர்தல் நாளைப் பாருங்கள். வாக்குப்பெட்டி ஒரு குட்டி விமானத்தில் ஏறிப் பண்ணையோரப் புல்தரையில் இறங்குகிறது. விமானம் போகாத இடத்துக்கு லேண்ட் ரோவர். பெட்டி ஆளைத் தேடிப் போகிறது ஐயா! ஜனங்களில் பெரும்பாலோர் ஸ்டான்லியில்தான். ஆனாலும் இரண்டு தொகுதிகளையும் ஒன்றாக்கலாமா என்று 2001, 2011, 2020 என மூன்று முறை கேட்டபோதும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

சின்ன ஊரில் மாற்றி ஓட்டுப் போட பயம் இருக்காதா என்றும் கேட்டார். 2013இல் பிரிட்டனோடு இப்படியே தொடரலாமா என்று பொது வாக்கெடுப்பு. தொடரலாம் என்றவர்கள் 1,513 பேர். வேண்டாம் என்றவர்கள் 3 பேர். மூன்றே மூன்று! அந்த மூவரும் போட்டார்களே!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எட்டுப் பேருக்கு எட்டு யோசனை, பேசி முடிக்க நேரமாகும். சரி, ஆகட்டுமே. நிர்வாகக் குழுவுக்குத் தங்களுக்குள் 3 பேரை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தப்பு நடந்தால், "அது கட்சி முடிவு, நான் என்ன செய்ய?" என்று யாரும் நழுவ முடியாது. மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போகிற கடையிலேயே கேட்பார்கள்.

கட்சியை அவர்கள் பார்க்காமலும் இல்லை. 1980களின் கடைசியில் ஒன்று முளைத்தது. 1989 தேர்தலில் நின்றது. அத்தனை இடத்திலும் சுயேச்சைகளே ஜெயித்தார்கள். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். நண்பரே, அடுத்து உங்கள் அணிதான் பேசப் போகிறது. அந்த ஊர்க்காரர்களே கொட்டிவிட்ட ரசத்தை மறுபடி சூடு பண்ணி யாருக்குப் பரிமாறப் போகிறீர்கள்?